வகுப்பறையும் வீடும்: ஆரம்பக் கல்வி பற்றிய ஒரு குறிப்பு

பிள்ளை வாரந்தோறும் வகுப்பறையிற் கற்பதைப் பெற்றோர் வீட்டிலே வலுப்படுத்த வேண்டும் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். ஆயின் எந்த வீட்டில், எவரால் என்ற வினாக்களை நாம் எழுப்புதல் அவசியம்.

இலங்கையில் 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, கட்டணத் தடையை நீக்கிற்று. வீடுகளுக்கிடையேயான ஏற்றத்தாழ்வை நீக்கவில்லை. புத்தளத்துக்கு வடக்கே, கலா ஓயா கடலோடு கலக்குமிடத்தை அண்மித்த எலுவன்குளம் போன்ற ஊர்களை நோக்குவோம். விடியுமுன் தொழிலுக்குச் செல்லும் பெற்றோருக்கு மாலையிற் கொப்பியைப் பார்க்கும் ஓய்வு வாய்ப்பது அரிது. இதனைப் ‘பெற்றோரின் அக்கறையின்மை’ என்பது, உழைப்பின் நிலைமையைத் தனிமனிதக் குறையாகத் திரிப்பதாகும்.

ஆரம்பக் கல்வியில் 1999 முதல் நாடளாவிய ரீதியில் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம், சுற்றாடல்சார் செயற்பாடுகளுக்குப் பாடத்திட்டத்தில் இடமளித்தது. இங்கே ஒரு வாய்ப்பு உண்டு. அவ்வாரப் பாடம் நிறுத்தலளவை எனின், இறாலை நிறுத்து விலை கணிக்கும் தாய், எழுத்தறியாதவராயினும், கற்பிக்க வல்லவராகிறார். கண்டற்காடு எனின், அதனிடையே தோணி செலுத்தும் தந்தை பலவற்றைக் கூறுவார். பிள்ளை கேட்டு வந்ததை எழுத்தாகவும் எண்ணாகவும் ஆக்குவது ஆசிரியர் பணி.

இவ்விணைப்பு இல்லாவிடத்து, பணம் உள்ள வீடு ரியூசனை நாடும். ஏனைய வீடுகள் பின்தங்கும். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை அவ்வேறுபாட்டுக்குத் ‘திறமை’ எனப் பெயரிடும்.

ஆகவே, எழுத்தறிவிக்கும் பொறுப்பைப் பாடசாலை வீட்டின்மீது சுமத்தலாகாது. வீட்டின் உழைப்பறிவைப் பாடசாலை அங்கீகரிக்கும்போதே வீட்டின் துணை பயன்தரும் என்பது எமது துணிபு.