கட்டடம் மாறினாலும் அறாத இணைப்பு

லூமுட் படகுத்துறையிலிருந்து பங்கோர் தீவுக்குச் செல்லும் படகில் ஒருவர் கைப்பேசியில் பேசிக்கொண்டே போகிறார். கரையிலுள்ள கோபுரத்தின் அலை மெல்ல மெல்லக் குறைகிறது. தீவிலுள்ள கோபுரத்தின் அலை வலுக்கிறது. கைப்பேசி இரண்டையும் அளந்து தெரிவிக்கும். எந்த நொடியில் மாறுவது என்பதைத் தொலைத்தொடர்பு வலையமைப்பு முடிவு செய்யும். பேசுபவர் எதையும் உணர்வதில்லை.

அருகலை எனப்படும் வைஃபையில் நிலைமை வேறு. அங்கே மாறும் முடிவைக் கைப்பேசிதான் எடுக்கிறது. சில கைப்பேசிகள், பக்கத்திலேயே வலுவான அலை இருந்தாலும், தொலைவில் விட்டுவந்த பழைய இணைப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். வீட்டில் இது பெரிய குறையன்று. ஆனால், மருத்துவமனையில் தாதி ஒருவர் அருகலைவழி மருத்துவரிடம் பேசியபடியே ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்கு விரைகிறார். மருந்தின் அளவைக் கேட்கும் நேரத்தில் பேச்சு அறுந்தால் என்ன ஆகும்?

கம்பியில்லாத் தொடர்பின் முன்னோடிகளுக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. ஹவாய்ப் பல்கலைக்கழகம் 1971இல் தொடங்கிய அலோஹாநெட், தீவுகளில் சிதறிக் கிடந்த வளாகங்களைக் கணினியோடு இணைக்க வானொலி அலைகளைப் பயன்படுத்தியது. அந்த நிலையங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. நடந்துகொண்டே பேசும் பயனர்தான் வடிவமைப்பாளருக்குப் புதிய தலைவலி.

அருகலையை வழங்கும் கருவி அணுகுமுனை எனப்படும். அலை எட்டவில்லை என்றால் அதன் ஆற்றலை முழுமையாகக் கூட்டுவதே பலருக்கும் முதலில் தோன்றும் வழி. அது பெரும்பாலும் தவறான வழி. கோயில் ஒலிபெருக்கி ஊருக்கே கேட்கும். அதற்கு வீட்டிலிருந்து வாயால் பதில் சொன்னால் கோயிலில் கேட்குமா? கைப்பேசியின் குரலும் அப்படித்தான். எனவே, மிதமான ஆற்றலுள்ள அணுகுமுனைகளை நெருக்கமாக வைத்து, ஒன்றின் எல்லையும் அடுத்ததன் எல்லையும் சற்றே மேற்பொருந்துமாறு அமைக்கிறார்கள். குரல் அழைப்புக்கு மைனஸ் 67 டிபிஎம் அளவுக்குக் குறையாத அலை வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டி. அடுத்தடுத்த முனைகள் ஒரே அலைவரிசையில் இருக்கக்கூடாது, 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகியவற்றையே மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது வழக்கம்.

கட்டடங்களுக்கு இடையிலுள்ள நடைபாதைதான் பலரும் மறந்துவிடும் இடம். உள்ளே இருக்கும் அலையைக் கான்கிரீட் சுவர் தடுத்துவிடும். ஆகவே, வெயிலையும் மழையையும் தாங்கும் முனையொன்றை வெளியிலும் பொருத்த வேண்டும்.

அலை மட்டும் போதாது. புதிய முனைக்கு மாறும்போது, "நீ யார்?" என்ற சோதனை முதலிலிருந்து நடந்தால் பேச்சு தடைபடும். 2008இல் வெளிவந்த 802.11ஆர் என்னும் தரநிலை, மறைகுறித் திறவுகளை அடுத்த முனைகளுக்கு முன்கூட்டியே தயாராக்கி அந்த நேரத்தைக் குறைக்கிறது. இரு கட்டடங்களிலும் வலையின் பெயர் ஒன்றாக இருந்தாலும், கைப்பேசியின் இணைய முகவரி மாறிவிட்டால் அழைப்பு அறுந்துவிடும். அதனால், பயனர் எங்குச் சென்றாலும் அதே முகவரி தொடரும்படி கட்டுப்பாட்டுக் கருவி அமைக்கப்படுகிறது.

எல்லாம் பொருத்திய பிறகு பொறியாளர் கைப்பேசியில் பேசியபடியே தாதி நடக்கும் அதே வழியில் நடந்து பார்ப்பார். கதவுகளைச் சாத்திவிட்டு மறுபடியும் நடப்பார்.