பென் டிரைவில் எல்லாம் ஷார்ட்கட்... ஃபார்மட் செய்யும் முன் என்ன செய்யலாம்?

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் கல்லூரி மாணவர் இருக்கும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான். ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போன பென் டிரைவை வீட்டுக் கணினியில் செருகினால், ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். "எல்லாம் போச்சு, ஃபார்மட் பண்ணிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். இந்த வகை வைரஸ் பெரும்பாலும் ஃபைல்களை அழிப்பதில்லை, மறைத்துத்தான் வைக்கும். ஆபத்து அந்த ஷார்ட்கட்டில்தான். அதைக் கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும், கூடவே வைரஸும் கணினிக்குள் இறங்கிவிடும்.

கிளிக் செய்தாயிற்றா? முதலில் வைஃபையைத் துண்டியுங்கள். பாஸ்வேர்டு திருடும் வைரஸாக இருந்தாலும், இணையம் இல்லாமல் அதை வெளியே அனுப்ப முடியாது. சுத்தமாகும் வரை அந்தக் கணினியில் நெட் பேங்கிங் பக்கமே போகாதீர்கள்.

அடுத்து, விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ள டிஃபெண்டரின் 'ஆஃப்லைன் ஸ்கேன்'. விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் இருக்கிறது. கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே சோதனை நடக்கும். சுமார் 15 நிமிடம் ஆகலாம். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்கிற வைரஸ்கள் இதில் சிக்க வாய்ப்பு அதிகம்.

பிறகு பென் டிரைவைத் தனியாக ஸ்கேன் செய்து, ஷார்ட்கட்களை அழித்துவிடலாம். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள். சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கையும் எடுக்க வேண்டும், பலரும் கோட்டைவிடும் இடம் இது. ப்ராஜெக்ட் அங்கேயே இருக்கும்.

மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' தளத்திலும் வைரஸ் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னையைச் சேர்ந்த கே7 நிறுவனத்தின் கருவியும் அதில் உண்டு.

ஸ்கேன் செய்தும் வைரஸ் திரும்பத் திரும்ப வந்தால் ஃபார்மட்தான் வழி. அப்போது போட்டோ, டாக்குமெண்ட்களை மட்டும் எடுத்து வையுங்கள். பழைய சாஃப்ட்வேர் ஃபைல்கள் வேண்டாம். கடையில் கொடுத்தால் "ஒரிஜினல் விண்டோஸ்தானே?" என்று கேட்டுவிடுங்கள். திருட்டு விண்டோஸை இயக்கும் 'ஆக்டிவேட்டர்' போடுவதற்காக டிஃபெண்டரையே அணைத்துவிடுவது உண்டு. காசு கொடுத்துப் புது வைரஸ் வாங்கின கதைதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

கணினி சுத்தமானாலும் ஏற்கெனவே திருடுபோன பாஸ்வேர்டு திரும்பி வராது. மெயில், வங்கிக் கணக்குகளின் பாஸ்வேர்டை செல்போனிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள்.