புற்றுப் பரவலா, காசமா? ஸ்கேன் படம் படிக்கும் முறை

ஓர் உறுப்பில் தோன்றிய புற்றுநோயின் செல்கள் ரத்தத்தின் வழியாகவோ நிணநீரின் வழியாகவோ சென்று வேறோர் உறுப்பில் தங்கி வளர்வதை மெட்டாஸ்டேசிஸ் என்பர். ரேடியாலஜி பட்டமேற்படிப்புத் தேர்வில் இது தவறாமல் இடம்பெறும் பகுதி. படத்தை முன்னே வைத்து, தெரிவது என்ன, அது எங்கிருந்து வந்திருக்கும், அதைப்போலவே தோன்றும் வேறு நோய்கள் எவை என்று தேர்வாளர் கேட்பார்.

பரவல் எங்கே அமையும் என்பதைப் பெரும்பாலும் ரத்த ஓட்டமே தீர்மானிக்கிறது. பெருங்குடலின் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போவதால், பெருங்குடல் புற்று முதலில் அங்கே பரவுவது வழக்கம். முதுகெலும்பைச் சூழ்ந்த சிரைகளில் வால்வு இல்லை. புராஸ்டேட் புற்று அவ்வழியே இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் எளிதாக ஏறுகிறது. மூளையில் சாம்பல் நிறப் பகுதியும் வெண்பகுதியும் சேருமிடத்தில் ரத்தக்குழாய்கள் சட்டென்று குறுகுவதால் செல்கள் அங்கே சிக்கிக்கொள்கின்றன.

எலும்பில் பரவல் இரு விதமாகத் தெரியும். சிறுநீரக, தைராய்டு புற்றுகள் எலும்பை அரித்துக் கருமையாக்கும். புராஸ்டேட் புற்று எலும்பை இறுக்கி வெண்மையாக்கும். மார்பகப் புற்றில் இரண்டும் கலந்திருக்கலாம். எலும்பின் தாதுச்சத்தில் சுமார் 30 முதல் 50 சதவீதம் கரைந்த பிறகே எக்ஸ்ரேயில் அரிப்பு தென்படும். டெக்னீசியம் செலுத்தி எடுக்கும் எலும்பு ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் அதற்கு முன்பே காட்டிவிடும்.

தமிழ்நாட்டில் படம் படிப்பவர் மறக்கக் கூடாதது காசநோய். தாம்பரத்தில் 1928இல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து தொடங்கிய காசநோய் சானடோரியம் இன்று அரசு நெஞ்சக மருத்துவமனையாக இயங்குகிறது. அந்த வட்டாரத்துக்கே சானடோரியம் என்று பெயர் நிலைத்துவிட்டது. இத்தனை பரவலான நோய், புற்றுப் பரவலின் தோற்றத்தை அப்படியே காட்டவல்லது.

முதுகெலும்பில் இரண்டையும் பிரித்தறிய முதலில் பார்க்க வேண்டியது டிஸ்க். பெரியவர்களின் டிஸ்க்குக்கு நேரடி ரத்த ஓட்டம் அநேகமாக இல்லை. ஆகவே ரத்தத்தில் வரும் புற்றுச் செல்கள் எலும்பில் தங்குகின்றன. டிஸ்க் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. காசமோ எலும்பின் விளிம்பில் தொடங்கி, டிஸ்க்கைச் சிதைத்து, அடுத்த எலும்புக்கும் தாவும். பக்கத்துத் தசையில் சீழ்க்கட்டியும் சேரலாம். எலும்பின் பின்பக்கத்துப் பெடிக்கிள் அழிந்திருந்தால் புற்றின் மீதே ஐயம் வலுக்கும்.

நுரையீரலில் பெரிய உருண்டைகள் பல தெரிந்தால் சிறுநீரகப் புற்று போன்றவற்றை நினைக்க வேண்டும். கடுகளவு புள்ளிகள் எங்கும் சீராக இறைந்திருந்தால் மிலியரி காசம் முதலில் வரும். தைராய்டு புற்றும் அந்தப் பட்டியலில் உண்டு.

பெட் சி.டி.யில் கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸைப் புற்றுச் செல்கள் மிகுதியாக உறிஞ்சி ஒளிர்கின்றன. காசத்தால் வீங்கிய நிணநீர்க் கணுக்களில் குவியும் அழற்சி செல்களும் அப்படியே ஒளிரும். மூளையும் சிறுநீர்ப்பையும் இயல்பாகவே ஒளிர்வன. எனவே ஒளிர்வதெல்லாம் புற்றாகாது.

தேர்விலும் மருத்துவமனையிலும் நல்ல அறிக்கை, புண்களின் இடம், எண்ணிக்கை, அளவு, தன்மை ஆகியவற்றை வரிசையாகச் சொல்லி, நிகழக்கூடிய நோய்களைச் சாத்தியத்தின்படி அடுக்கும். தண்டுவடம் நசுங்குவதுபோல் தெரிந்தால் அதை உடனே தெரிவிக்க வேண்டும். ஐயம் நீடித்தால் பயாப்சியைப் பரிந்துரைக்க வேண்டும். காசம் மருந்தால் குணமாகும் நோய் என்பதால், அதைப் புற்றென்று முடிவுகட்டிவிடலாகாது.