தனிமையிலும் நம்மைத் தேடி வரும் இறைவன்



'எனக்கென்று யாருமில்லை' என்ற சொல்லை நாம் எத்தனையோ பேரின் வாயிலிருந்து கேட்டிருக்கிறோம். நாமே மனதுக்குள் சொல்லிப் பார்த்ததும் உண்டு. சேத்தியாத்தோப்பிலும் நெய்வேலியிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் இந்தச் சொல்லுக்குப் பல முகங்கள் இருக்கின்றன. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, வார இறுதியில் வரும் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கும் பெற்றோர். சுரங்கத்துக்காகப் பிறந்த ஊரை விட்டு இடம்பெயர்ந்து, பழைய தெருவையும் அண்டை வீட்டாரையும் இழந்தவர்கள். கணவரை இழந்தபின் சுபகாரியங்களில் ஒதுக்கி வைக்கப்படும் பெண்கள். ஒரே வீட்டில் இருந்தும் பேச்சு நின்றுபோன உடன்பிறப்புகள். இவர்கள் ஞாயிறு திருப்பலியில் நம் பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறார்கள். நமக்குத்தான் தெரிவதில்லை.

தனிமையும் பழைய காயமும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. ஒருமுறை ஏமாற்றப்பட்டவர் மறுபடி யாரையும் நம்பத் தயங்குகிறார். நம்பாததால் விலகுகிறார். விலகியதால் தனித்துப் போகிறார். தனிமையில் பழைய நினைவு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. இந்தச் சுழலிலிருந்து வெளியே வர வழி உண்டா? நம் விசுவாசம் இதற்கு என்ன சொல்கிறது?

விவிலியம் காட்டும் இறைவன்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். தனிமையால் வாடுவது பாவம் அல்ல; விசுவாசக் குறைவும் அல்ல. மாபெரும் இறைவாக்கினரான எலியா பாலைநிலத்தில் ஒரு செடியின் அடியில் அமர்ந்து சாவை வேண்டினார் (1 அரசர்கள் 19). ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உறங்கவிட்டார். வானதூதர் வழியாக அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். ஒருமுறை அல்ல, இருமுறை. உடல் தேறிய பிறகுதான் ஓரேபு மலையில் அவரோடு பேசினார். நான் ஒருவன்தான் மிஞ்சியிருக்கிறேன் என்று முறையிட்டவருக்கு, ஏழாயிரம் பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னார். எலிசாவையும் துணையாகக் கொடுத்தார். களைத்தவருக்கு முதலில் வேண்டியது அறிவுரை அல்ல. உணவும் ஓய்வும் ஆள் துணையும் என்பது ஆண்டவருக்குத் தெரியும்.

யோவான் நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில், பெத்சதா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகளாக நோயுற்றிருந்த ஒருவரைச் சந்திக்கிறோம். தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை என்பதுதான் அவருடைய முறையீடு. கூட்டத்தின் நடுவே கிடந்தும் அவர் தனிமனிதர். இயேசு அவரைத் தேடிச் செல்கிறார். நலம்பெற விரும்புகிறாயா என்று அவரையே கேட்கிறார். அவரது விருப்பத்தை மதித்த பிறகே குணம் தருகிறார்.

நம் மண்ணின் சாட்சி

இந்த உண்மைக்கு நம் தமிழ் மண்ணிலேயே ஒரு சாட்சி உண்டு. 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் அலுவலராக இருந்தவர். அவரது குடும்பத்துக்கு அடுத்தடுத்து இழப்புகள் வந்தன. மனம் உடைந்திருந்த அவருக்கு ஆறுதல் சொன்னவர் யார்? அவருடைய உறவினரும் அல்ல, ஊராரும் அல்ல. 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைபிடிக்கப்பட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படையில் பணியாற்றிய டச்சுத் தளபதி டி லனாய். அவர் சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 1777-இல் உதயகிரிக் கோட்டையிலேயே இறந்தார்.

அந்த அந்நியர், துயருற்ற நண்பருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்று வரலாறு கூறுகிறது. காயப்பட்ட ஒருவர், காயப்பட்ட இன்னொருவரின் அருகில் அமர்ந்து, காயப்பட்ட மூன்றாமவரைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சிலிருந்து ஒரு புனிதர் பிறந்தார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, இலாசர் என்பதன் தமிழ் வடிவமான தேவசகாயம் என்ற பெயரை ஏற்றார். 'கடவுளே துணை' என்பது அதன் பொருள்.

பெயருக்கு ஏற்ற சோதனையும் வந்தது. 1749-இல் கைது செய்யப்பட்டார். விலங்கோடு ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டார், அடிக்கப்பட்டார், அவமானப்படுத்தப்பட்டார். 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உறவும் பதவியும் பெயரும் பறிபோன அந்த ஆண்டுகளிலும், அவரைக் காண மக்கள் தேடி வந்தார்கள்; ஆறுதல் தேவைப்பட்டவரே பிறருக்கு ஆறுதலாக மாறினார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

யோபுவின் நண்பர்களையும் இங்கே நினைத்துக்கொள்வோம். ஏழு நாள் ஏழு இரவு பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று வாய் திறந்த பிறகுதான் பாரமாக மாறினார்கள். துயரப்படும் வீட்டுக்குச் செல்லும் நமக்கு இது நல்ல பாடம்.

புதைந்திருக்கும் காயம்

நெய்வேலிச் சுரங்கத்தை அறிந்தவர்களுக்கு ஒரு செய்தி தெரியும். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இடைவிடாமல் வெளியேற்றாவிட்டால் சுரங்கத்தின் அடித்தளம் வெடித்துவிடும். அப்படி வெளியேற்றப்படும் நீர் ஏரிகளுக்குச் சென்று வயல்களிலும் பாய்கிறது.

அடக்கி வைத்த காயமும் இப்படித்தான். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே அழுத்தம் கூடிக்கொண்டே போகும். ஒருநாள் சின்னச் சொல்லுக்குப் பெரும் கோபமாகவோ, உறக்கமற்ற இரவாகவோ, குடிப்பழக்கமாகவோ அது வெடிக்கும். இறைவனிடமும், நம்பத்தகுந்த ஒருவரிடமும் சொல்லி அதை வெளியேற்றுவதே பாதுகாப்பான வழி. அப்படி வெளிவந்த வேதனை பிறகு இன்னொருவரின் வறண்ட வாழ்வுக்குத் தண்ணீராகவும் ஆகலாம்.

மன்னிப்பைப் பற்றியும் தெளிவு தேவை. மன்னிப்பது என்றால் நடந்ததே இல்லை என்று சொல்வதல்ல. தீங்கு செய்பவரிடம் மறுபடி போய் அடி வாங்குவதும் அல்ல. சகோதரர்களால் விற்கப்பட்ட யோசேப்பு, பல ஆண்டுகள் கழித்து அவர்களை எகிப்தில் கண்டபோது உடனே தன்னை வெளிப்படுத்தவில்லை. அவர்கள் மனம் மாறியிருக்கிறதா என்று பார்த்தார். தனியறைக்குள் சென்று அழுதார். பிறகுதான் அணைத்துக்கொண்டார் (தொடக்கநூல் 42-45). பழிவாங்கும் உரிமையை ஆண்டவர் கையில் விட்டுவிடுவதே மன்னிப்பின் தொடக்கம். அதற்குக் காலம் எடுக்கும். உயிர்த்த ஆண்டவரின் உடலிலும் தழும்புகள் இருந்தன. அவை வெட்கத்தின் அடையாளமாக இல்லை, தோமாவின் விசுவாசத்துக்கு வாசலாயின.

நாம் செய்யக்கூடியவை

தனிமையில் இருப்பவரா நீங்கள்? இன்று இரவு அழகான சொற்களைத் தேடாமல், உள்ளதை உள்ளபடி ஆண்டவரிடம் சொல்லுங்கள். திருப்பாடல்களில் பல, முறையீடுகளே. ஒப்புரவு அருட்சாதனத்தை அணுகுங்கள். பிறர் நமக்குச் செய்த தீங்கு நம் பாவம் அல்ல என்பதையும் அங்கே கேட்டு அமைதி பெறலாம். பங்குத்தந்தையிடமோ அருள்சகோதரியிடமோ மனம் திறந்து பேசுங்கள். அன்பியக் கூட்டத்தில் பேசாவிட்டாலும் பரவாயில்லை, போய் அமருங்கள். உறக்கமும் பசியும் போய், வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் தாமதிக்க வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள், அல்லது 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை அழையுங்கள். மருத்துவரின் கையும் ஆண்டவர் தரும் கையே.

தனிமையில் இல்லாத நமக்கும் கடமை உண்டு. இரண்டு வாரமாகக் கோவிலுக்கு வராதவர் யார் என்று கவனிப்போம். வீட்டுக்குப் போவோம். காரணம் கேட்டுக் குடையாமல், அருகில் அமர்வோம். விழாவுக்கு அழைக்கும்போது கைம்பெண்ணை முதலில் அழைப்போம். குளத்தருகே கிடந்தவருக்கு இல்லாதது ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆளாக நம்மில் ஒருவர் இருக்க முடியும்.

செபிப்போம்: தனித்திருப்போரைத் தேடி வரும் ஆண்டவரே, எங்கள் பழைய காயங்களை உம் கையில் வைக்கிறோம். அவசரமின்றி எங்களைக் குணமாக்கும். புனித தேவசகாயத்தின் வேண்டுதலால், நீரே எங்கள் துணை என்று உணரச் செய்யும். எங்களையும் ஒருவருக்கொருவர் துணையாக்கும். ஆமென்.