முதிர்ந்த கணையக் குருத்தணுக்கள் கல்லீரல் உயிரணுக்களாக மாறும் வாய்ப்பு: சான்றுகளும் வரம்புகளும்

ஆய்வுச்சுருக்கம்

முதிர்ந்த கணையத்திலிருந்து கல்லீரல் உயிரணுக்கள் தோன்றக்கூடும் என்பதைக் காட்டும் விலங்காய்வுகளை இக்கட்டுரை விளக்குகிறது. அவை எவற்றை நிறுவின, எவற்றை நிறுவவில்லை என்பதைப் பிரித்தறிவதே இதன் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: கணையம், கல்லீரல், குருத்தணு, உயிரணு மாற்றம், உயிரணு இணைவு.

முன்னுரை

மீள இயலாதவாறு கல்லீரல் செயலிழந்தோருக்கு உறுப்பு மாற்று அறுவையே உறுதியான தீர்வாக உள்ளது. ஆனால், கொடையாகக் கிடைக்கும் கல்லீரல்கள் தேவைக்குப் போதவில்லை. எனவே, முழு உறுப்புக்கு மாற்றாக உயிரணுக்களைச் செலுத்தும் முயற்சிகள் எழுந்தன. கடும் கல்லீரல் செயலிழப்புற்ற நோயாளிகளுக்குக் கருவின் கல்லீரல் உயிரணுக்களைச் செலுத்திய ஆய்வை ஐதராபாத்தைச் சேர்ந்த சி. எம். அபீபுல்லா குழுவினர் 1994இல் வெளியிட்டனர். அத்தகைய உயிரணுக்களும் அரிதாகவே கிடைப்பதால், வேறோர் உறுப்பிலிருந்து அவற்றை உருவாக்க இயலுமா என்னும் வினா முதன்மை பெறுகிறது.

பொதுத் தோற்றம்

கணையத்தின் ஒரு பகுதியும் கல்லீரலும் கருவின் முன்குடலில் உள்ள அகப்படையிலிருந்தே தோன்றுகின்றன. அருகிலுள்ள இதய முன்திசு சுரக்கும் வளர்ச்சிக் காரணி எட்டும் உயிரணுக்கள் கல்லீரலாகின்றன, எட்டாதவை கணையமாகின்றன. சுண்டெலிக் கருவைக்கொண்டு இதனை 2001இல் வெளியான ஆய்வு விளக்கியது. கருவில் ஒரு குறிப்பால் பிரிந்த பாதை, முதிர்ந்த பின்னரும் முற்றிலும் அடைபடுவதில்லை என்பதே பின்வரும் சான்றுகளின் அடிப்படை.

சான்றுகள்

வேதிப்பொருளால் சிதைந்து மீண்டும் வளரும் வெள்ளெலிக் கணையத்தில் கல்லீரல் உயிரணுக்களை ஒத்தவை தோன்றியதை இசுக்கார்பெல்லி, சாம்பசிவ ராவ் ஆகியோர் 1981இல் அறிவித்தனர். தொடர்ந்து, இராவும் சனார்த்தன் ரெட்டியும் எலிகளுக்குச் செம்புச்சத்து நீக்கிய உணவை அளித்தபோது, செரிமான நொதி சுரக்கும் கணைய உயிரணுக்கள் அழிந்தன; எஞ்சிய திசுவில் கல்லீரல் உயிரணுக்கள் தோன்றின.

2000ஆம் ஆண்டில் சென், சுலாக், டாசு ஆகியோர் எலியின் கணையக் கட்டியிலிருந்து பெற்ற உயிரணுக்களில் டெக்சாமெத்தசோன் மருந்தைச் செலுத்தினர். அவை அல்புமின் முதலிய கல்லீரல் புரதங்களை உருவாக்கின. 2001இல் குரோம்பு குழுவினர், டைரோசின் வளர்சிதைமாற்றக் குறைபாடுடைய சுண்டெலிகளில் முதிர்ந்த கணைய உயிரணுக்களைச் செலுத்தினர்; சிலவற்றில் கல்லீரல் புத்துயிர் பெற்று நோய் நீங்கியது.

வரம்புகள்

இச்சான்றுகளை மூன்று நிலைகளில் ஆராய வேண்டும். முதலாவது, மாறியது குருத்தணுவா, முதிர்ந்த உயிரணுவா என்பது. டாசு குழுவின் ஆய்வில் பயன்பட்டது கட்டி உயிரணு. அது குருத்தணுவுக்குச் சான்றாகாது. 2004இல் டோர் குழுவினர், முதிர்ந்த சுண்டெலியில் இன்சுலின் சுரக்கும் பீட்டா உயிரணுக்கள் பெரும்பாலும் தம்மையே பெருக்கிக்கொள்கின்றன எனக் காட்டினர். இதனால் கணையக் குருத்தணுவின் பங்கு குறித்த ஐயம் வலுத்தது.

இரண்டாவது, உயிரணு இணைவு. எலும்பு மச்சையிலிருந்து கல்லீரல் உயிரணு உருவானதாகக் கருதப்பட்ட சுண்டெலிகளில், கொடை உயிரணுவும் கல்லீரல் உயிரணுவும் இணைந்ததே காரணம் என 2003இல் தெரியவந்தது. எனவே, கணைய ஆய்வுகளிலும் இவ்வாய்ப்பை விலக்கிய பின்னரே முடிவுக்கு வர வேண்டும்.

மூன்றாவது, செயல்திறன். அல்புமின் காணப்படுவது மட்டும் போதாது. அம்மோனியாவை யூரியாவாக்குதல், மருந்துகளைச் சிதைத்தல், பித்தம் சுரத்தல் ஆகியவற்றையும் மெய்ப்பிக்க வேண்டும்.

முடிவுரை

கணைய உயிரணு கல்லீரல் உயிரணுவாக மாறக்கூடும் என்பது விலங்காய்வுகளால் வலுப்பெற்ற கருத்து. முதிர்ந்த கணையக் குருத்தணுவே அதன் மூலம் என்பது இன்னும் நிறுவப்படாத கருதுகோள். இவ்வேறுபாடு நோயாளியின் நலனையும் தொடுவது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள், இரத்தம் உருவாக்கும் குருத்தணு மாற்றத்தை மட்டுமே ஏற்கப்பட்ட சிகிச்சையாகக் கொண்டு, ஏனையவற்றை ஒப்புதல் பெற்ற ஆய்வுகளுக்குள் வரையறுக்கின்றன. எனவே, ஆய்வகத்தின் வாய்ப்பு மருத்துவமனையின் வாக்குறுதியாக மாறாதவாறு விளக்குவது ஆய்வாளரின் கடமையாகும்.