ஸ்கடர் என்றால் யார்? பெயர்களை வைத்து ஒரு பாடம்

இராணிப்பேட்டையில் ‘ஸ்கடர் ஆஸ்பத்திரி’க்கு வழி கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனை இருக்கும் சாலைக்கு ஐடா ஸ்கடர் சாலை என்று பெயர். அதே ஊரில் ஐடா ஸ்கடர் பள்ளி இருக்கிறது. பாகாயத்தில் மருத்துவக் கல்லூரி வளாகத்துக்குள் ஸ்கடர் அரங்கம் இருக்கிறது. ‘ஸ்கடர் என்றால் யார்?’ என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன். ‘வெள்ளைக்கார டாக்டரம்மா’ என்றார்கள். பாதிதான் சரி. இராணிப்பேட்டை மருத்துவமனை தொடங்கியது 1866இல். அந்த அம்மா பிறந்தது 1870இல். பிறப்பதற்கு நான்கு ஆண்டு முன்பே ஒருவர் மருத்துவமனை கட்டியிருக்க முடியாதே என்று மாணவர்களே கணக்குப் போட்டுச் சொன்னார்கள். பாடம் அங்கிருந்து தொடங்கியது.

ஸ்கடர் என்பது ஓர் ஆளின் பெயர் அல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். முருகனின் மகன் குமார் என்றால் மு. குமார். குமாரின் மகள் செல்வி என்றால் கு. செல்வி. தாத்தாவின் ‘மு’ பேத்தியிடம் இல்லை. நம் தலைப்பெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். குடும்பப் பெயர் மாறாது. ஆகவே ஒரே பெயரில் பலர் வருவார்கள். சாலைக்கும் அரங்குக்கும் யார் பெயர் வைத்தார்கள் என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் ஸ்கடர், ஜான். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1793இல் பிறந்த மருத்துவர். 1819இல் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து பண்டத்தரிப்பில் மருத்துவமும் சமயப்பணியும் செய்தார். 1836இல் சென்னைக்கு வந்தார். 1855இல் தென்னாப்பிரிக்காவில் இறந்தார். அவருடைய மகன்களில் ஏழு பேர் இந்தியாவில் சமயப் பணியாளர்களாக வேலை செய்தவர்கள். ஹென்றி, வில்லியம், ஜோசப் ஆகிய மூன்று அண்ணன் தம்பிகள் 1853இல் ஆற்காடு மிஷனை நிறுவினார்கள். இராணிப்பேட்டையில் மருத்துவமனையைத் தொடங்கியவர் இன்னொரு சகோதரர், சைலஸ். கடைசித் தம்பிக்கு அப்பாவின் பெயரே, ஜான். இந்த இளைய ஜானின் மகள்தான் ஐடா. நான்கு தலைமுறைகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இப்படி வேலை செய்தார்கள். அவர்களுடைய பணிக்காலத்தைக் கூட்டினால் ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டும் என்பார்கள்.

கரும்பலகையில் இந்த வம்ச மரத்தை வரைந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மூத்த ஜானின் மனைவி ஹாரியட் வாட்டர்பரி. அவருடைய இரண்டு மகன்களின் முழுப்பெயர்கள் வில்லியம் வாட்டர்பரி ஸ்கடர், ஜாரெட் வாட்டர்பரி ஸ்கடர். நடுவில் நிற்பது அம்மா வீட்டுப் பெயர். ஐடாவின் முழுப்பெயர் ஐடா சோபியா ஸ்கடர். அவர் அம்மாவின் பெயர் சோபியா. வகுப்பில் அம்மாவின் எழுத்தையும் அப்பாவின் எழுத்தையும் சேர்த்துப் போடும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். ‘ரெண்டு இனிஷியலா?’ என்று அவளைக் கிண்டல் செய்வது உண்டு. அன்றைக்குப் பிறகு அந்தக் கிண்டல் நின்றது. நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை, மரத்தைத்தான் வரைந்தேன்.

ஐடாவின் கதை பல பாடநூல்களில் வந்ததுதான், எனவே சுருக்கமாக. இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்தபோது ஒரே இரவில் மூன்று பேர், வெவ்வேறு சமூகத்தார், மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். மருத்துவரான அப்பாவை அனுப்புகிறேன் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் வேண்டாம் என்று திரும்பிவிட்டார்கள். அந்த மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து 1900இல் வேலூர் திரும்பினார். 1902இல் ஷெல் மருத்துவமனை திறந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. ஆண் மாணவர்கள் சேர்ந்தது 1947இல்தான். மருத்துவமனைக்கு வர முடியாதவர்களைத் தேடி அவர் சாலையோர மரத்தடிகளில் நடத்திய மருத்துவ முகாமுக்கு ‘ரோட்சைடு’ என்று பெயர். 1960இல் கொடைக்கானலில் காலமானார்.

ஷெல் என்றதும் பெட்ரோல் கம்பெனி என்று ஒரு பையன் சொன்னான். இல்லை, அது மேரி டேபர் ஷெல் என்ற பெண்மணியின் நினைவாக வைத்த பெயர். இன்றைக்கு அது ஆரணி சாலையில் கண் ஆஸ்பத்திரி. இன்னொரு குழப்பமும் உண்டு. சி.எம்.சி.யில் புற்றுநோய் சிகிச்சை மையத்துக்கு ஐடா பி. ஸ்கடர் என்று பெயர். நடுவில் இருக்கும் ‘பி’யைக் கவனிக்க வேண்டும். அவர் மூத்த ஐடாவின் அண்ணன் மகள், கதிரியக்க மருத்துவர். ஓர் எழுத்தை விட்டால் ஆள் மாறிவிடும்.

அதே கதிரியக்கத் துறையில் ஒரு செர்பியக் குடும்பப் பெயரும் நாள்தோறும் புழங்குகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவியை ‘1.5 டெஸ்லா’, ‘3 டெஸ்லா’ என்று குறிப்பிடுவார்கள். காந்தப்புலத்தின் அலகு அது. 1856இல் இன்றைய குரோஷியாவில் இருக்கும் ஸ்மில்யான் என்ற சிற்றூரில் செர்பியக் குடும்பத்தில் பிறந்த நிகோலா டெஸ்லாவின் பெயரை 1960இல் அந்த அலகுக்கு வைத்தார்கள். செர்பிய மொழியில் ‘டெஸ்லா’ என்றால் தச்சரின் வாய்ச்சி. பெரும்பாலான செர்பியப் பெயர்கள் ‘இச்’ என்று முடியும். இன்னாரின் பிள்ளை என்று அதற்குப் பொருள். பெட்ரோவிச் என்றால் பீட்டரின் வழிவந்தவர், கோவாச்செவிச் என்றால் கொல்லரின் பிள்ளை. டென்னிஸ் பார்க்கும் பிள்ளைகளிடம் ஜோகோவிச் என்று சொன்னால் போதும். அவர்கள் ‘இச்’ என்று வாலில் வைப்பதை நாம் ‘மு.’ என்று தலையில் வைக்கிறோம். அவர்களுடையது உறைந்து நின்றுவிட்டது, நம்முடையது நகர்ந்துகொண்டே இருக்கிறது.

தலையிலேயே நின்றுபோன பெயருக்கும் நம் பகுதியில் எடுத்துக்காட்டு உண்டு. வேலூர் ஊரிசுக் கல்லூரியில் படித்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். சர்வபள்ளி ஆந்திரத்தில் உள்ள ஓர் ஊர், தெலுங்கு வழக்கப்படி வீட்டுப்பெயராகி முன்னால் வந்திருக்கிறது. ஆசிரியர் தினத்துக்கு அவர் படத்தை வைக்கும்போது இதையும் ஒரு வரி சொல்லலாம். மேல்விஷாரத்தில் தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீம் பெயரில் கல்லூரி இருக்கிறது. அங்கே ‘சி’ என்ற தலைப்பெழுத்தே நிறுவனத்தின் பெயரில் சேர்ந்து நிலைத்துவிட்டது.

தமிழ்நாட்டில் நமக்கு ஏன் குடும்பப் பெயர் இல்லை என்ற கேள்வி அடுத்து வரும். இருந்தது, பல குடும்பங்களில் அது சாதிப் பட்டமாக இருந்தது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தோல் பதனிடும் வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளைகள் நிறைய இருக்கும் வகுப்பில் இதை மெதுவாக, ஆனால் மறைக்காமல் சொல்கிறேன். வெறும் ஓர் எழுத்தோடு நிற்கும் பெயரிலிருந்து யாரும் எதையும் மோப்பம் பிடிக்க முடியாது. அது குறை அல்ல.

ஆனால் கணினிப் படிவங்களுக்கு இந்த வரலாறு தெரியாது. ‘முதல் பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்று இரண்டு கட்டம் காட்டி, இரண்டையும் நிரப்பினால்தான் நகரும். ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் அம்மாக்கள் பலர். ஆதாரில் ஒரு மாதிரி, பி.எஃப். கணக்கில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் இன்னொரு மாதிரி பெயர் இருந்தால், உழைத்த பணத்தை எடுக்கவே அலைய வேண்டியிருக்கிறது. ஒன்றில் தந்தை பெயர், ஒன்றில் கணவர் பெயர், ஒன்றில் வெறும் எழுத்து. என் மாணவி ஒருத்தியின் அம்மா அதற்காகச் சில நாள் கூலியை விட்டார். அவருடைய பள்ளிச் சான்றிதழில் இருந்த பெயர்தான் கடைசியில் உதவியது.

பிள்ளையின் பெயரைச் சேர்க்கைப் பதிவேட்டில் முதலில் எழுதுகிறவர் தொடக்கப் பள்ளி ஆசிரியர். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலில் சரிபார்த்து அனுப்புகிறவர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். நடுவில் எமிஸ். இந்த மூன்று இடத்திலும் எழுத்துக்கூட்டல் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஆதாரோடு ஒத்திருக்கிறதா என்று பெற்றோரை உட்கார வைத்துப் பார்ப்பது நல்லது. தலைப்பெழுத்து முன்னாலா பின்னாலா, புள்ளி உண்டா இடைவெளி உண்டா என்பதுவரை பார்க்க வேண்டும். எழுத்து எந்தப் பெயரின் சுருக்கம் என்பதை முழுதாகவும் குறித்து வைக்க வேண்டும், ஏனென்றால் பாஸ்போர்ட்டுக்கு அதை விரித்துத்தான் எழுத வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தை கம்ப்யூட்டர் சென்டர்காரரின் யோசனைக்கு விடாதீர்கள். அங்கே தந்தை பெயரோ தாய் பெயரோ முழுதாக வரலாம். சாதிப் பெயர் வரக் கூடாது.

எங்கள் வகுப்பில் இப்போது ஒவ்வொருவரும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தன் பெயரைத் தலைப்பெழுத்தை விரித்து, இரண்டு மொழியிலும் எழுதி, அம்மாவிடமோ அப்பாவிடமோ கையெழுத்து வாங்கி வருகிறார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ரேகை வைக்கிறார்கள். பட்டியல் சரிபார்க்கும் வாரத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன்.