தொட்டி சாய்ந்தால் தண்ணீரைக் கேளுங்கள்

"தண்ணி ஊத்தினா மெதுவாத்தான் இறங்குது. உள்ளே களக்களக்னு சத்தம் வேற." கழிப்பறை பற்றி பிளம்பரிடம் சொல்லப்படும் வழக்கமான புகார் இது. கழிவுநீர் லாரியை வரவழைத்து செப்டிக் டேங்கைக் காலி செய்கிறார்கள். ஒரு வாரம், பத்து நாள் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. தொட்டி மறுபடி நிரம்பியதும் பழைய கதைதான். இப்படி நடந்தால் அடைப்பை மட்டும் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. தொட்டி மட்டம் தவறி ஒரு பக்கம் இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

செப்டிக் டேங்கில் மோட்டார் இல்லை, சுழலும் பாகம் எதுவும் இல்லை. அது வேலை செய்வது அசையாமல் நிற்கும் தண்ணீரால்தான். கனமானவை அடியில் கசடாகத் தங்குகின்றன. எண்ணெய்ப் பசையும் மிதப்பவையும் மேலே ஆடையாகப் படிகின்றன. இரண்டுக்கும் நடுவே ஓரளவு தெளிந்த நீர் மட்டும் வெளிக்குழாய் வழியே உறிஞ்சு குழிக்குப் போகிறது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கசடைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் 1895-ல் டொனால்ட் கேமரன் என்ற நகரப் பொறியாளர் இதற்கு செப்டிக் டேங்க் என்று பெயரிட்டார். அடிப்படை அமைப்பு இன்றும் அதேதான்.

இதில் உயிரான அளவு ஒன்று உண்டு. வீட்டிலிருந்து வரும் குழாயின் கீழ் உதடு, வெளியேறும் குழாயின் கீழ் உதட்டைவிட 5 சென்டிமீட்டர் உயரமாக இருக்க வேண்டும். தொட்டியில் தண்ணீர் எப்போதும் வெளிக்குழாயின் உதடு வரை நிற்கும். உள்குழாய் அதற்கு மேலே இருந்தால்தான் கழிவு தடையின்றி விழும்.

2.4 மீட்டர் நீளத் தொட்டியில் உள்குழாய்ப் பக்கம் 6 சென்டிமீட்டர் இறங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அந்தக் குழாயின் உதடு இப்போது தண்ணீருக்குள் 1 சென்டிமீட்டர் மூழ்கியிருக்கும். குழாயின் வாட்டம் ஐம்பதுக்கு ஒன்று என்றால், அரை மீட்டர் தூரத்துக்குத் தண்ணீர் குழாய்க்குள்ளேயே தேங்கும். மலம் அங்கே தங்கும், அடுத்து வருவது அதன்மேல் சேரும். களக்களக் சத்தம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வெளிக்குழாய்ப் பக்கம் இறங்கினால் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. தொட்டியின் நீர்மட்டம் தாழ்ந்து கொள்ளளவு குறையும். உறிஞ்சு குழிக்குப் போகும் குழாயின் வாட்டம் கெட்டு, இணைப்பில் கசிவு தொடங்கும். பக்கவாட்டில் சாய்ந்தால் பெரும்பாலும் பாதகமில்லை. குழாய்கள் இரண்டும் நடுக்கோட்டில் இருந்தால் அவற்றின் உயர வித்தியாசம் மாறாது.

தொட்டி ஏன் இறங்குகிறது? அதன் எடையால் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் செங்கல்லையும் தண்ணீரையும் சேர்த்தாலும், அந்த இடத்திலிருந்து வெட்டியெடுத்த மண்ணின் எடையைவிட அது பெரும்பாலும் குறைவுதான். குற்றம் அடியில் இருக்கும் மண்ணில். பொக்லைன் தேவைக்கு மேல் ஒரு முழம் தோண்டிவிடும். கூடுதலாகத் தோண்டிய பள்ளத்தில் உதிரி மண்ணைத் தள்ளி, திமிசு போடாமல் அதன்மேலேயே கான்கிரீட் ஊற்றிவிடுவார்கள். பிறகு குழாய் இணைப்பில் ஒரு சிறு கசிவோ, மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயோ அந்த மண்ணை நனைத்தால் போதும், அது உட்கார்ந்துவிடும். கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் மண் இன்னும் பொல்லாதது. மழையில் உப்பும், கோடையில் வெடித்துச் சுருங்கும். ஏரியைத் தூர்த்து மனை போட்ட இடங்களிலும் இதே தொல்லைதான்.

சாய்வை அளக்க மேல்மூடியில் ரசமட்டம் வைப்பதில் பயனில்லை. மூடியே கோணலாகப் போடப்பட்டிருக்கலாம். தொட்டிக்குள் இருக்கும் தண்ணீரைவிட நம்பகமான மட்டக்கருவி வேறில்லை. அரை மணி நேரம் வீட்டில் தண்ணீர் புழங்காமல் இருந்து, மூடிகளைத் திறந்து நன்றாகக் காற்றாட விடுங்கள். பீடி, தீக்குச்சி எதுவும் அருகில் கூடாது. மீத்தேன் பற்றிக்கொள்ளும். வெளியே நின்றபடி, நுனியில் கொக்கி வைத்த நீளக் குச்சியால் இரண்டு குழாய்களின் கீழ் உதடுகளுக்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். தண்ணீர் வெளிக்குழாயின் உதட்டோடு நின்று, உள்குழாய்க்கும் நீருக்கும் 5 சென்டிமீட்டர் இல்லையென்றால் தொட்டி சாய்ந்திருக்கிறது. மாறாக, வெளிக்குழாயே மூழ்கியிருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உறிஞ்சு குழியையும் அதற்குப் போகும் குழாயையும்தான். இந்த ஓர் அளவை எடுக்காமல் தரையை உடைத்து வீணாகும் பணம் கொஞ்சமல்ல.

சாய்ந்திருப்பது உறுதியானால், அது நின்றுவிட்டதா, இன்னும் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் மழைநீரைத் திருப்பிவிட்டு, கசிவை அடையுங்கள். பிறகு ஒரு மழைக்காலம் கழித்து மறுபடி அளவெடுங்கள். அளவு மாறவில்லை என்றால் தொட்டியைத் தொடவே வேண்டாம், குழாயை மாற்றினால் போதும். மேலே சொன்ன தொட்டியில் வெளிக்குழாயை, அதன் T வடிவ இணைப்புக் குழாயோடு சேர்த்து, 6 சென்டிமீட்டர் இறக்கிப் பொருத்தினால் பழைய 5 சென்டிமீட்டர் வித்தியாசம் திரும்பிவிடும். நீரின் ஆழம் 1.2 மீட்டர் என்றால், சாய்வதற்கு முன் இருந்ததைவிடக் குறையும் கொள்ளளவு நூற்றுக்கு இரண்டரைதான். உறிஞ்சு குழி வரை போதிய வாட்டம் கிடைக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

செங்கல் தொட்டியை ஜாக்கி வைத்துத் தூக்குவது ஆகாத வேலை, சுவர் பிளந்துவிடும். சுவர் வெடித்து, சாய்வும் தொடர்ந்தால் புதிதாகக் கட்டுவதே சரி. பிளாஸ்டிக் தொட்டியைக் காலி செய்து வெளியே எடுத்து, அடிமண்ணை இறுக்கி, மட்டமான தளம் போட்டு மறுபடி வைக்கலாம். ஆனால் நிலத்தடி நீர் மேலே நிற்கும் மழைக்காலத்தில் அதைக் காலி செய்யக் கூடாது. 3,000 லிட்டர் காலித் தொட்டியைச் சுற்றிலும் தண்ணீர் நின்றால், ஏறக்குறைய 3 டன் விசை அதை மேலே தள்ளும். மண்ணைக் கிழித்துக்கொண்டு மிதந்து வந்துவிடும். திரும்ப வைக்கும்போதும் உள்ளே தண்ணீர், வெளியே மண் என இரண்டையும் ஒரே அளவில் உயர்த்திக்கொண்டே வர வேண்டும்.

இந்த வேலையில் ஆபத்தான கட்டம், தொட்டி காலியான பிறகு வருவது. "காஞ்சுதானே கிடக்கு, இறங்கி வெடிப்பைப் பூசிட்டு வந்துடறேன்" என்பார் யாராவது. அடியில் மிச்சமிருக்கும் ஒரு சாண் கசடைக் கால் கிளறினாலே ஹைட்ரஜன் சல்பைடு வெளிப்படும். அளவு கூடினால் அந்த வாயு மூக்கின் மோப்பத்தையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது. காப்பாற்ற இறங்கிய அடுத்தவரும் சேர்ந்து இறந்த செய்திகளைத் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறோம். பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இப்படிப்பட்ட சாவுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் வீட்டுத் தொட்டியில் வெளியிலிருந்து சரிசெய்ய முடியாத பழுது ஏதாவது இருந்தால், அதை மண்போட்டு மூடிவிட்டுப் பக்கத்தில் புதிதாக ஒன்று கட்டுங்கள். ஒருவரையும் உள்ளே இறக்காதீர்கள்.